மணியம்மா தலைக்குள் போன குழாய்

அத்தியாயம் பதினான்கு

பெரியவனுக்குக் கடல் கடந்து வேலை உறுதியாகிவிட்டது என்று கேட்டதும் மணியம்மா "சரி" என்ற ஒரே சொல்லோடு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள் அல்லவா, அது ஞாயிற்றுக்கிழமை. இன்று செவ்வாய். நடுவில் கிடந்த ஒரு நாளில் யாரும் யாரிடமும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்தக் குடும்பம் இன்றுதான் உங்களுக்கு அறிமுகம் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். மணியம்மா மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவள். கையில் பித்தளை மணி. அதனால் அந்தப் பெயர். மகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறாள், வீட்டிலும் அவள் டீச்சர்தான், அம்மாவோடு இருக்கிறாள். மகன் பெரியவன் ஏசி மெக்கானிக். மனைவியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் தனிக்குடித்தனம். அந்தத் தனிக்குடித்தனச் சண்டைக்குப் பிறகு மாமியாரும் மருமகளும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

ஏலக் கொட்டகையில் தக்காளி ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தாறு, நாப்பத்தாறு, அந்தப் பக்கம் நாப்பத்தேழு, சிவப்புச் சட்டை நாப்பத்தெட்டு, யாரு மேல, யாரு மேல, நாப்பத்தொம்பது, கதவு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கதவு என்ன விலைக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மணியம்மா சிரிக்கவில்லை. ஐம்பது என்றுதான் அவள் சொன்னாள். அவள் காதில் ஐம்பது என்றுதான் விழுந்தது. இவர்கள் ஏன் பல்லைக் காட்டுகிறார்கள்?

"கதவு ஒரு தரம்" என்றாள், இன்னும் உரக்க. சிரிப்பும் கூடியது. இரண்டாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது மணி கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை. அது யாருடைய மணியோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் முதலில் பார்த்தார். அவள் வாயின் வலது ஓரம் துவண்டு இறங்கியிருந்தது.

"வாய் கோணுது! சிரிச்சது போதும், ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!"

யாரோ சோடா கொண்டுவந்தார்கள். யாரோ நிழலில் படுக்க வைக்கலாம், வெயில் மயக்கம், சரியாகிவிடும் என்றார்கள்.

"ஒண்ணும் சரியாகாது" என்று கத்தினார் தராசுக்காரர். "என் தம்பிக்கும் இப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு நாங்க சுத்தி நின்னு விசிறிக்கிட்டு இருந்தோம். இன்னும் கட்டில்லதான் கிடக்கான். தூக்குங்கய்யா!"

*

பெரியவன் ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டான். ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படி இறங்கினான். இறங்கிக்கொண்டே தங்கையைக் கூப்பிட்டான். அப்புறம்தான் மனைவியை.

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக்காம். பெரியாஸ்பத்திரி. நான் போறேன்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டான். திட்டவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை, இவள் எதற்கு என்று.

மருமகள் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறாள். வயதான ஒருவரின் மூக்கில் புது பிரேமை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், "அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அந்த பிரேமோடேயே உட்கார்ந்திருந்தார்.

பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுதாகியிருந்தது. அவள் கணவனுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். துண்டித்துவிட்டான். செய்தி எழுதினாள்: அத்தை ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. அழித்தாள்.

ரத்தப் பரிசோதனை செய்வார்கள், அதில் தெரிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தெரியுமா? தெரியாவிட்டால்? சத்தியம் பண்ணிக்கொடுத்தது என்ன ஆவது? சத்தியமா முக்கியம் இப்போது?

மறுபடி எழுதினாள். அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது; அவன் படிக்கவில்லை.

"கதவைத் திறங்க, நான் இறங்கறேன்."

"பாலத்து மேல நிறுத்தக் கூடாதும்மா" என்றார் டிரைவர்.

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

இறங்கி, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவில் ஓட ஆரம்பித்தாள்.

*

அவசர சிகிச்சைப் பிரிவில் மணியம்மா திரைக்குப் பின்னால் கிடந்தாள். கண்கள் இரண்டும் இடது பக்கமே பார்த்தன. வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. ஸ்கேன் முடிந்திருந்தது.

டாக்டர் ஒல்லியான பெண்மணி. வேகமாகப் பேசுகிறவர்.

"தலைக்குள்ள ரத்தக்கசிவு இல்ல. அடைப்பு. இடது பக்கம் பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்ச கட்டி ஒண்ணு போய் உக்காந்திருக்கு. பேச்சும் வலது கைகாலும் அந்தப் பக்கம்தான். கட்டியைக் கரைக்க ஊசி போடப் போறோம், இப்பவே. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. முன்னாடியே தெரியுமா?"

"இல்லையே" என்றான் பெரியவன்.

"வேற வியாதி? தினமும் சாப்பிடற மருந்து?"

"எங்கம்மாவா? தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட மாட்டாங்க டாக்டர்."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார்.

"நான் அம்மாகூடத்தான் இருக்கேன்" என்றாள் டீச்சர், அழுகையை விழுங்கிக்கொண்டு. "ஒரு மருந்தும் கிடையாது. எனக்குத் தெரியாம வீட்ல ஒரு சீப்புகூட இடம் மாறாது."

நர்ஸ் மருந்தைக் கலக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு மருமகள் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"மாத்திரை" என்றாள். "அத்தை மாத்திரை சாப்பிடறாங்க. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. இதயம் தாளம் தப்புதுன்னு கொடுத்தது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"உனக்கென்ன தெரியும்?" என்றான் பெரியவன்.

"நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். நான்தான் வாங்கித் தரேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

டாக்டர் அவளை நெருங்கி வந்தார். "கடைசியா எப்ப போட்டாங்க?"

"இன்னிக்குக் காலைல. மார்க்கெட் போறதுக்கு முன்னாடி."

"நீங்க பாத்தீங்களா?"

"போட்டதும் எனக்கு ஒரு ரிங் விட்டு வச்சிடுவாங்க. அதுதான் எங்களுக்குள்ள சேதி. இன்னிக்கும் வந்தது." போனை நீட்டினாள். விடிவதற்கு முன் வந்த அந்தத் தவறிய அழைப்பு, 'அத்தை' என்ற பெயரோடு, அதில் இருந்தது.

டாக்டர் நர்ஸிடம் கையைக் காட்டினார். "நிறுத்துங்க. ஊசி வேண்டாம். கேத் லேப் ரெடி பண்ணச் சொல்லுங்க, குழாய் விட்டு எடுத்துடலாம்."

நர்ஸ் சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"என்ன டாக்டர்?" என்றான் பெரியவன்.

"அந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது இந்த ஊசி போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசியலாம். இவங்க இப்ப வரலைன்னா போட்டிருப்பேன்."

டீச்சர் அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

*

"இனி ஒரே வழி" என்று நடந்துகொண்டே சொன்னார் டாக்டர். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் ஓடினார்கள். மருமகள் ஓரடி பின்னால். "தொடை இடுக்குல இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல சின்னதா துளை போட்டு ஒரு மெல்லிசுக் குழாயை விடுவேன். அது வயிறு, நெஞ்சு, கழுத்து எல்லாம் தாண்டி மூளைக்குப் போகும். அடைப்புக்கிட்ட போனதும் உள்ளேர்ந்து ஒரு கம்பி வலை விரியும். கட்டி அதுல மாட்டும். உறிஞ்சிக்கிட்டே வெளிய இழுத்துடுவேன். தலையைத் திறக்கறதெல்லாம் கிடையாது."

பெரியவன் நின்றுவிட்டான்.

"நான் ஏசி மெக்கானிக் டாக்டர். நூல் மாதிரி செம்புக்குழாய் வரும் எங்க வேலையில. அது அடைச்சா நாங்க உள்ள கம்பி விடவே மாட்டோம். விட்டா கிழிஞ்சிடும். வெட்டிப்போட்டுட்டு புதுசு வைப்போம்."

"உங்களுக்குப் புதுசு கிடைக்குது. எனக்குக் கிடைக்காது."

"கிழிஞ்சா?"

"உள்ள ரத்தம் கசியும். உயிருக்கே ஆபத்து. நூத்துல சில பேருக்கு அப்படி ஆகுது. மறைக்க மாட்டேன்." டாக்டர் அவன் கண்ணைப் பார்த்தார். "ஆனா இப்படியே விட்டா ஒவ்வொரு நிமிஷமும் மூளை கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே இருக்கும். நாம இங்க நின்னு பேசறோமே, இப்பவும்."

கையெழுத்துக் காகிதத்தை நர்ஸ் நீட்டினாள். பெரியவன் பேனாவை வாங்கினான். அவன் விரல்களில் இன்னும் கிரீஸ் கறுப்பு. அந்த விரல்களுக்கு மெல்லிய குழாய் கிழிகிற சத்தம் நன்றாகத் தெரியும். 'ப்ஸ்' என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

"என்னங்க" என்றாள் மருமகள் மெதுவாக.

"நீ பேசாதே."

டீச்சர்தான் கேட்டாள். "பேச்சு வருமா டாக்டர்? அம்மாவுக்குப் பேச்சுதான் எல்லாம். பேசாம அவங்களால ஒரு நாள் இருக்க முடியாது."

"எடுத்துட்டா வரலாம். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது. எடுக்காம விட்டா, வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி."

டீச்சர் அண்ணன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். "எடுங்க" என்றாள்.

*

அறைக்கு வெளியே ஒரு நீண்ட நடை. ஒரு பக்கம் நாற்காலிகள், ஒரு பக்கம் காபி மெஷின். மெஷின் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தானாகவே உறுமி அடங்கியது. ஒவ்வொரு உறுமலுக்கும் பெரியவன் கதவைப் பார்த்தான்.

உட்கார்ந்தான். எழுந்தான். கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் இரண்டு தரம் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் தரம், "ஐயா, ஒண்ணு இந்தப் பக்கம் நில்லுங்க, இல்ல அந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள்.

அவன் மனைவிக்கு எதிரில் வந்து நின்றான்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"பேசவே மாட்டீங்களே ரெண்டு பேரும்!"

"கண்ணாடி மாத்தணும்னு கடைக்கு வந்தாங்க. நான் இருப்பேன்னு தெரிஞ்சுதான் வந்தாங்களோ என்னமோ. எழுத்துப் பலகையைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு உக்காந்துட்டாங்க. அதே கட்டடத்துல மேல இதய டாக்டர் இருக்கார். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. சொன்னா மார்க்கெட்ல மணியைப் பிடுங்கிடுவாங்க, அவன் வெளிநாட்டு வேலையை விட்டுடுவான்னாங்க. நீங்க அப்பதான் அப்ளிகேஷன் போட்டிருந்தீங்க."

பெரியவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "அதானே. நாம போகணும்ல? அதுக்காகத்தானே நீ வாயை மூடிக்கிட்டே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் நம்பிக்கூட இருப்பான்.

"பாதி அதுக்காகத்தான்" என்றாள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"மீதி?"

"அவங்க என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்கம்மா என்கிட்ட கேட்ட ஒரே ஒரு விஷயம் அதுதான். முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

நாற்காலியில் இருந்த டீச்சர் தலையைத் தூக்கினாள். "எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு செவுருதான் அண்ணி. ராத்திரி இருமினா எழுந்து போவேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுவேன்னு சொன்னாங்க."

"அழுதா என்ன? அழக்கூடாதா நான்?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொட்டால் தட்டிவிடுவாளோ என்று பயம். காபி மெஷின் மறுபடி உறுமியது.

*

உள்ளே மணியம்மாவுக்குப் பாதி நினைவு இருந்தது. அசையக் கூடாதென்று தலையை மெத்தென்று ஏதோ இரண்டு பக்கமும் அணைத்திருந்தது. பச்சைத் துணி, விளக்கு, யார் யாரோ பேசுகிற சத்தம்.

ஈயக் கவசம் பூட்டிய டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே விரல் நுனியால் குழாயை முன்னே நகர்த்தினார். குழாய் வழியே விட்ட சாயம் பாய்ந்ததும் திரையில் மரம்போல ரத்தக்குழாய்கள் கிளைத்தன. இடது பக்கம் ஒரு பெரிய கிளை அப்படியே மொட்டையாக நின்றது. அதற்கு அப்பால் வெறும் வெளி.

மெல்லிய கம்பி அந்த அடைப்பை ஊடுருவியது. வலை விரிந்தது. கட்டி அதில் சிக்கக் கொஞ்சம் பொறுத்தார்கள். பிறகு மிக மெதுவாக இழுத்தார் டாக்டர். வெளியே வந்த வலையில் கறுப்பாக ஒரு துணுக்கு.

மறுபடி சாயம். ஒரு சின்னக் கிளை திறந்திருந்தது. பெரியது திறக்கவில்லை.

இரண்டாம் தரம் வலை வெறுமையாக வந்தது.

"மாட்டேங்குது" என்றார் உதவியாளர்.

இன்னொரு தரம், அப்புறம் இன்னொரு தரம் என்று போய்க்கொண்டே இருக்க முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் குழாயின் சுவர் தாங்க வேண்டும். கிழிஞ்சா என்று வெளியே அந்த மகன் கேட்டது டாக்டர் காதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் அகலமான உறிஞ்சுகுழாயைக் கேட்டு வாங்கினார். அதைக் கட்டியின் முகத்திலேயே கொண்டுபோய் வைத்து, வலையையும் விரித்து, இரண்டையும் சேர்த்து இழுத்தார். உறிஞ்சும் ஓட்டம் சட்டென்று நின்றது. ஏதோ குழாயின் வாயை அடைத்திருக்கிறது. அப்படியே, விடாமல், வெளியே.

சாயம் பாய்ந்தது. மொட்டைக் கிளை துளிர்த்ததுபோல் கடைசி நுனி வரை கறுத்து நிறைந்தது.

"அம்மா, வலது கையைத் தூக்குங்க பாப்போம்" என்றார் டாக்டர்.

பச்சைத் துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது.

*

டாக்டர் வெளியே வந்தபோது மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"வந்துடுச்சு. குழாய் திறந்துடுச்சு. கை லேசா தூக்கறாங்க."

போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைத் துணியில் கருஞ்சிவப்பாக ஏதோ, வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவில்.

"இவ்வளவுதானா?" என்றான் பெரியவன். சுவரில் சாய்ந்துகொண்டான். "இவ்வளவு பொடிசா?"

"இவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டும் எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமலே ஆக்காது. நாளைக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கணும், கசிவு ஏதும் இருக்கான்னு. அதுவரைக்கும் நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன்." கிளம்பப் போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. பேச்சு வர ஆரம்பிக்கும், ஆனா இடம் மாறி வரும். ஆமாங்கறதுக்கு இல்லம்பாங்க. உங்க பேரைச் சொல்லி வேற யாரையோ கூப்பிடுவாங்க. கொஞ்ச நாளைக்கு அவங்க சொல்றதை வச்சு யாரும் ஒரு முடிவும் எடுத்துடாதீங்க."

அவர் போன பிறகு யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. ஆபத்து கொஞ்சம் விலகியதும் அதன் இடத்தில் மற்றதெல்லாம் வந்து நெருக்கியது.

பெரியவனின் போன் அடித்தது. மார்க்கெட். தராசுக்காரரிடம் நல்ல சேதி சொன்னான். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. வைத்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது. நீளமான எண், வெளிநாட்டு எண். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடித்து ஓய்ந்தது.

"அந்தக் கம்பெனியா?" என்றாள் டீச்சர்.

"வாரக் கடைசிக்குள்ள சொல்லணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "வேண்டாம்னு சொல்லிடறேன். இந்த நிலைமையில எப்படிப் போறது?"

"நீ போ அண்ணா."

"என்ன சொல்றே?"

"நீ போ. பத்து வருஷமா இதுக்குத்தானே அலைஞ்சே? நீ போகலைன்னா அம்மா தன்னாலதான்னு நினைச்சே செத்துடுவாங்க." டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கரும்பலகை முன்னால் நிற்கும்போது இருக்கிற குரல் அவளுக்குத் திரும்பியிருந்தது. "ஆனா அண்ணி இங்க இருக்கட்டும். என்கூட, அம்மாகூட. அம்மா யாரை நம்பினாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

மருமகளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவே இல்லை. புரிந்ததும் கணவனைப் பார்த்தாள்.

இது என்ன பேச்சு, அவள் என் பெண்டாட்டி, அவள் இல்லாமல் நான் எப்படிப் போவேன் என்று அவன் சொல்வான். இப்போது சொல்வான்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யோசனைதான் அவளைச் சுட்டது.

"நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள். "என்னைப் பத்திப் பேசறவங்க என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்."

"தப்பா நினைக்காதீங்க அண்ணி…"

"தப்பா நினைக்கல. மொதல்ல அத்தை எழுந்து உக்காரட்டும். அப்புறம் ஆளாளுக்கு என்னை விலை பேசலாம்."

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"ஒருத்தர் மட்டும் வரலாம். அவங்க துளை போட்ட காலை மடக்கக் கூடாது, அதை மட்டும் பாத்துக்குங்க."

பெரியவன் ஓரடி வைத்தான். டீச்சரும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ போ" என்றாள் டீச்சர் கடைசியில், அண்ணனிடம் இல்லை. அண்ணியை 'நீ' என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை. அவளே கவனிக்கவில்லை.

*

மணியம்மா கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். கண்கள் இப்போது நேராகப் பார்த்தன. வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான், ஆனால் முகம் அவளுடைய முகம்.

"அத்தை."

மணியம்மாவின் வலது கை போர்வை மேல் நகர்ந்தது. மருமகள் அதைப் பிடித்தாள். பிடிக்குப் பதில் பிடி வந்தது, பலம் இல்லாத பிடி, ஆனால் பிடி.

"நான் சொல்லிட்டேன் அத்தை. எல்லார்கிட்டயும். மன்னிச்சுக்குங்க. சொல்லலைன்னா…"

மணியம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். நெற்றி சுருங்கியது. ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி விலை கூவிய தொண்டையிலிருந்து ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு வர அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை.

"ப… போ" என்றாள். பிறகு தெளிவாக, "போ."

"யாரை அத்தை?"

மணியம்மா கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள்.

"என்னையா? அவரையா? இல்ல, ரெண்டு பேரையுமா?"

"ஆமா" என்றாள் மணியம்மா. நிம்மதியாகச் சொன்னாள், ஒரு பெரிய வேலையை முடித்தவள்போல.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் அந்தச் சிரிப்போடு கண்ணீராகவும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மணியம்மா அவளைப் புரியாமல் பார்த்தாள். கையை மட்டும் விடவில்லை. 'போ' என்று சொன்ன அதே ஆள்தான், விடவில்லை.

நர்ஸ் வந்து தோளைத் தொட்டதும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே இருவரும் காத்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றான் பெரியவன்.

எட்டு மாதமாக அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: எனக்கென்ன தெரியும்.

"போன்னு சொன்னாங்க" என்றாள். "யாரைன்னு கேட்டேன். ஆமான்னாங்க."

அவன் கையில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அதே நீளமான எண். அவன் அதை எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுங்க" என்றாள் அவள். "எடுத்து, நீங்க என்ன சொல்றீங்கன்னு என் முன்னாடியே சொல்லுங்க."